டைப் 1 சர்க்கரையும் கலைகிற தூக்கமும்

(ஒலி வடிவில் வந்த எபிசோடின் எழுத்து வடிவம் இது. பேச்சு நடையை அதிகம் மாற்றாமல், படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

இன்னைக்கு ஒரு சின்னக் கேள்வியோட ஆரம்பிக்கலாம். நேத்து ராத்திரி எத்தனை தடவை எழுந்தீங்க?

சர்க்கரை நோய் இல்லாதவங்க கிட்ட இதைக் கேட்டால் கொஞ்சம் யோசிப்பாங்க. டைப் 1 இருக்கிறவங்களும், டைப் 1 இருக்கிற பிள்ளைகளோட அப்பா அம்மாவும் மணிக்கணக்கோட சொல்லுவாங்க. பன்னிரண்டரைக்கு ஒரு தடவை விரல்ல குத்திப் பார்த்தோம், மூணு மணிக்கு ஒரு தடவை, அஞ்சேகாலுக்கு பாத்ரூம். அதுக்கப்புறம் தூக்கம் வரலை.

டாக்டர் கிட்ட போனால் சாப்பாட்டுக்கு முன்னாடி சுகர் எவ்வளவு, மூணு மாசச் சராசரி எவ்வளவு, கண் பார்த்தீங்களா, கால் பார்த்தீங்களான்னு கேட்பாங்க. தூக்கத்தைப் பத்தின கேள்வி பல நேரம் வர்றதே இல்லை. நாமும் சொல்றதில்லை. இந்த நோயோட வர்றதுதானேன்னு விட்டுடறோம்.

இன்னைக்கு நான் சொல்ல வர்றது இதுதான். தூக்கம் கலையுறதுக்குக் காரணம் இருக்கு. பெரும்பாலும் கண்டுபிடிக்கக்கூடிய காரணம். அதைச் சரிபண்ற வேலையில் பாதி சாயங்காலமே முடிஞ்சிடணும். மீதிப் பாதி டாக்டர் அறையில் நடக்கணும்.

எது எழுப்புது?

மூணு விஷயம் எழுப்புது. சர்க்கரை இறங்குறது, சர்க்கரை ஏறுறது, அப்புறம் அந்த ரெண்டையும் காவல் காக்கிற வேலை.

ஏறுறதை முதல்ல பார்த்துடலாம். ரத்தத்தில் சர்க்கரை ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டினால், சிறுநீரகத்தால் எல்லாத்தையும் திரும்ப உறிஞ்சிக்க முடியாது. மீதி சிறுநீரில் வெளியேறும். போகும்போது தண்ணீரையும் இழுத்துக்கிட்டுப் போகும். அதனாலதான் ராத்திரி ரெண்டு மூணு தடவை பாத்ரூம், நாக்கு வறட்சி, தாகம். தண்ணி குடிக்கிறதால பாத்ரூம் போறோம்னு நினைச்சு தண்ணியைக் குறைக்கக் கூடாது. உடம்பு இழந்த தண்ணியைத்தான் அது கேட்குது. சர்க்கரை 250க்கு மேல போய், கூடவே வாந்தி, வயித்து வலி, மூச்சு வாங்குறதுன்னு ஏதாவது இருந்தால் விடியட்டும்னு காத்திருக்க வேண்டாம். அது கீட்டோன் சேர்றதோட அறிகுறியா இருக்கலாம். அந்த ராத்திரியே ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

இறங்குறது வேற கதை. 70க்குக் கீழே போனால் 'லோ'ன்னு சொல்றோம். 54க்குக் கீழே போனால் உடனடியாகக் கவனிக்க வேண்டிய லோ. பகல்ல கை நடுங்கும், வேர்க்கும், படபடக்கும், பசிக்கும். உடம்பு கூப்பாடு போடும். ராத்திரி அந்தக் கூப்பாடு பல நேரம் காதுல விழாது. பயத்துக்கு ஆணிவேர் இதுதான். அதனால கொஞ்சம் விளக்கமாப் பார்க்கலாம்.

உடம்பு ஏன் எழுப்பறதில்லை?

சாதாரணமா ஒருத்தருக்கு சர்க்கரை இறங்க ஆரம்பிச்சால் கணையம் இன்சுலினை நிறுத்தும். குளுக்ககான்னு இன்னொரு ஹார்மோனை விடும். அது கல்லீரலைத் தட்டி, சேர்த்து வெச்ச சர்க்கரையை வெளியே எடுக்கும். டைப் 1ல ஊசி வழியா உள்ளே போன இன்சுலினை யாரும் நிறுத்த முடியாது. சர்க்கரை இறங்கும்போது வர வேண்டிய குளுக்ககானும், நோய் வந்த சில வருஷத்தில் வராமல் போயிடும். மிச்சம் இருக்கிற பெரிய காவலாளி அட்ரினலின். நடுக்கமும் படபடப்பும் அது தர்றதுதான்.

தூக்கத்தில் அந்த அட்ரினலினும் மந்தமாயிடுது. விழிச்சிருக்கும்போது எழுப்புற அளவு சர்க்கரை இறங்கியும் தூங்கிக்கிட்டே இருக்கிறவங்க நிறைய. அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த டி.சி.சி.டி. என்கிற பெரிய ஆய்வின் முடிவு 1993ல் வந்தது. சர்க்கரையைக் கட்டுக்குள்ள வெச்சால் கண், சிறுநீரகம், நரம்பு பாதிப்பு குறையும்னு நிரூபிச்ச ஆய்வு அதுதான். அதே ஆய்வில் இன்னொரு விஷயமும் தெரிஞ்சது. அடுத்தவங்க உதவி தேவைப்படுற அளவு மோசமான லோக்களில் பாதிக்கும் மேல தூக்கத்தில்தான் நடந்திருந்தது. அது இன்னைக்கு இருக்கிற சென்சாரும் புது இன்சுலின்களும் வர்றதுக்கு முந்தின காலம். இருந்தாலும் ராத்திரியை ஏன் தனியாக் கவனிக்கணும்னு அது சொல்லிடுச்சு.

ராத்திரி லோ ஆனதுக்கு காலையில் தடயம் இருக்கும். தலையணை ஈரம், கெட்ட கனவு, தூக்கத்தில் உளறல், எழுந்ததும் தலைவலி, எட்டு மணி நேரம் படுத்தும் அடிச்சுப் போட்ட மாதிரி அசதி. இதெல்லாம் அடிக்கடி வந்தால் குறிச்சு வையுங்க.

அடிக்கடி லோ ஆனால் உடம்புக்கு அது பழகிப்போய், பகல்லகூட அறிகுறி தெரியாமல் போகும். நல்ல செய்தி என்னன்னா, சில வாரம் லோ ஆகாமல் பார்த்துக்கிட்டால் அந்த அறிகுறிகள் பலருக்கும் ஓரளவு திரும்பி வரும்.

அந்த பயத்தைப் பத்தி

ராத்திரி ரெண்டு மணிக்கு போனில் பலரும் தேடிப் பார்க்கிற விஷயத்தையும் பேசிடறேன். 1991ல் பிரிட்டனில் ரெண்டு மருத்துவர்கள் ஒரு கட்டுரை எழுதினாங்க. டைப் 1 இருந்த இளவயசுக்காரர்கள் நல்லாப் படுக்கப் போய், காலையில் படுக்கை கலையாமல் இறந்து கிடந்த 22 சம்பவங்களைப் பத்தினது அது. ராத்திரி லோவும், அதனால இதயத் துடிப்பு தடுமாறினதும் காரணமா இருக்கலாம்னு சந்தேகப்படறாங்க.

இது நடக்கும். ஆனால் ரொம்ப அபூர்வமா நடக்கும். பெரும்பாலான ராத்திரி லோக்களில் கல்லீரல் மெதுவா சர்க்கரையை விடும், ஊசியோட வேகம் குறையும், ஆள் எழுந்திருப்பார். இந்தப் பயம் அர்த்தமில்லாததுன்னு நான் சொல்லமாட்டேன். பயத்தை வெச்சு என்ன பண்றோம் என்பதைத்தான் பார்க்கணும்.

பல வீடுகளில் பண்றது இதுதான்: படுக்கிறப்போ சர்க்கரை 250 இருந்தால்தான் நிம்மதி. 140 இருந்தால் ரெண்டு பிஸ்கட், ஒரு டம்ளர் பால். ஊசியில் ரெண்டு யூனிட் குறைப்பு. அன்னைக்கு ராத்திரி லோ வராது. ஆனால் ராத்திரி முழுக்க பாத்ரூம், காலையில் 300. தினமும் எட்டு மணி நேரம், அதாவது நாளில் மூணில் ஒரு பங்கு, சர்க்கரை மேலேயே நிக்குது. தூக்கமும் போச்சு, கட்டுப்பாடும் போச்சு. பிரச்சினை லோ வர்ற நேரத்தில் இருக்கும்போது, ராத்திரி முழுக்க சர்க்கரையை ஏத்தி வைக்கிறது அதுக்கு மருந்தில்லை. எந்த நேரத்தில் லோ வருது, ஏன் வருதுன்னு கண்டுபிடிக்கிறதுதான் மருந்து.

காலையில் 300: ஏறினதா, இறங்கி ஏறினதா?

நிறைய பேர் கேட்கிற கேள்வி இது. படுக்கிறப்போ 130, எழுந்திருக்கிறப்போ 260. ராத்திரி எதுவும் சாப்பிடலை. எப்படி?

விடியற்காலை மூணு நாலு மணியில் இருந்து வளர்ச்சி ஹார்மோனும் கார்ட்டிசாலும் சேர்ந்து சர்க்கரையைத் தூக்கும். நாம் எழுந்து நடமாட உடம்பு பண்ற ஏற்பாடு அது. இன்சுலின் சுரக்கிற உடம்பு அதைச் சமாளிச்சுக்கும். டைப் 1ல சமாளிக்க ஆள் இல்லை. வளர்ற பிள்ளைகளுக்கு இது இன்னும் அதிகம்.

இன்னொரு விளக்கமும் ரொம்ப நாளாகச் சொல்லப்படுது. ராத்திரி லோ ஆகி, அதுக்கு எதிர்வினையா காலையில் எகிறும் என்பது. 1930களில் மைக்கேல் சோமோகி என்கிற வேதியியலாளர் சொன்னது. சென்சார் வந்த பிறகு பார்த்தால், ராத்திரி லோ ஆனவங்களுக்குக் காலை சர்க்கரை பெரும்பாலும் குறைவாத்தான் இருக்கு. லோவுக்கு அப்புறம் எகிறினால் அதுக்கு ஒரு பெரிய காரணம், மூணு மணிக்குப் பயத்தில் கிச்சனில் நின்னு சாப்பிட்டது.

எதுன்னு கண்டுபிடிக்க ஊகம் வேண்டாம். தொடர்ந்து மூணு நாலு ராத்திரி படுக்கும்போது, மூணு மணிக்கு, எழுந்ததும்னு மூணு தடவை பார்த்து எழுதுங்க. மூணு மணிக்கு நல்லா இருந்து காலையில் ஏறினால் விடியற்கால ஏற்றம், அல்லது நீண்ட நேர இன்சுலின் தீர்ந்துபோகுது. படுக்கும்போதிலிருந்தே ஏறிக்கிட்டு இருந்தால் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் போட்ட அளவு போதலை. மூணு மணிக்கு 70க்குக் கீழே இருந்தால் யாரும் ராத்திரி ஊசியைக் கூட்டக் கூடாது. இந்த நாலு நாள் கணக்கு, நாலு மாசம் தினமும் அலாரம் வெச்சு எழுந்திருக்கிறதை மிச்சப்படுத்தும்.

சாயங்காலமே பண்ண வேண்டியது

நம்ம வீடுகளில் ராத்திரிச் சாப்பாடு ஒன்பது, ஒன்பதரைக்கு. பத்தரைக்குப் படுக்கை. சாப்பாட்டுக்குப் போட்ட வேகமான இன்சுலின் மூணிலிருந்து அஞ்சு மணி நேரம் வேலை செய்யும். அப்படின்னா படுக்கும்போது அது பாதி வழியில்தான் இருக்கு. படுக்கும்போது பார்க்கிற 150 நின்ன இடமா, இறங்கிக்கிட்டு இருக்கிற இடமான்னு நமக்குத் தெரியாது. ஏழரை, எட்டு மணிக்குச் சாப்பிட்டால் படுக்கும்போது பார்க்கிற எண்ணுக்கு அர்த்தம் இருக்கும். ஒரு ரூபாய் செலவில்லாத மாற்றம் இது.

என்ன சாப்பிடறோம் என்பதும் கணக்கு. இட்லி சீக்கிரம் ஏறி இறங்கும். பரோட்டா, பிரியாணி மாதிரி கொழுப்பு கூடுதலான சாப்பாடு மெதுவாச் செரிச்சு, நள்ளிரவுக்கு மேல ஏறும். ஊசி முன்னாடியே இறக்கி, சாப்பாடு பின்னாடி ஏத்தும். ஒரே ராத்திரியில் லோவும் ஹையும் வர்றதுக்கு இது ஒரு காரணம்.

அடுத்தது எந்த இன்சுலின் என்பது. கலங்கலா இருக்கிற என்.பி.எச். இன்சுலினும், அது கலந்த 30/70 இன்சுலினும் விலை குறைவு. இன்னைக்கும் நிறைய பேர் போடறாங்க. என்.பி.எச். போட்ட நாலு மணி நேரத்துக்கு அப்புறம் உச்சத்துக்குப் போகும். எட்டரைக்குப் போட்டால் உச்சம் நள்ளிரவைத் தாண்டி. ஒருத்தருக்குத் தினமும் ஒரு மணிக்கும் மூணு மணிக்கும் நடுவில் லோ ஆனால் முதல்ல பார்க்க வேண்டிய இடம் அது. அந்த ஊசியைத் தனியாப் பிரிச்சு படுக்கிற நேரத்துக்குத் தள்ளலாமா, உச்சமில்லாமல் சீரா வேலை செய்யுற இன்சுலினுக்கு மாறலாமான்னு டாக்டர் கிட்ட கேளுங்க. நீங்களா மாத்தாதீங்க.

மூணாவது விளையாட்டு. சாயங்காலம் ஃபுட்பாலோ கபடியோ ஆடினால், தசை தன்னோட சேமிப்பைத் திரும்ப நிரப்ப ராத்திரி முழுக்க சர்க்கரையை இழுக்கும். ஆடும்போது லோ ஆகலைன்னு நிம்மதியா இருந்தால், ரெண்டு மணிக்கு ஆகும். ஆட்டத்தை நிறுத்த வேண்டாம். ஆடின நாள் ராத்திரி இன்சுலின் எவ்வளவு குறைக்கணும், படுக்கும் முன் எவ்வளவு சாப்பிடணும்னு முன்கூட்டியே டாக்டர் கிட்ட எழுதி வாங்கி வெச்சுக்கணும்.

நாலாவது மது. குடிச்சால் கல்லீரல் அதைச் செரிக்கிற வேலையில் இருக்கும். புதுசா சர்க்கரை தயாரிக்காது. லோ மறுநாள் காலைவரைக்கும் வரலாம். போதையும் லோவும் பார்க்க ஒரே மாதிரி இருக்கிறதால பக்கத்தில் இருக்கிறவங்களும் ஏமாந்துடுவாங்க.

கடைசியா, தலைமாட்டில் சர்க்கரை. பெரியவங்களுக்கு 15 கிராம், அதாவது மூணு டீஸ்பூன் சர்க்கரை தண்ணியில் கலக்கி, இல்லைன்னா குளுக்கோஸ் பவுடர். பதினைந்து நிமிஷம் பொறுத்துத் திரும்பப் பாருங்க. சின்னப் பிள்ளைகளுக்கு அளவு இன்னும் குறைவு, டாக்டர் சொன்னபடி. சாக்லேட் வேண்டாம், அதில் இருக்கிற கொழுப்பு சர்க்கரையைத் தாமதப்படுத்தும். நினைவில்லாமல் கிடந்தால் வாயில் எதையும் ஊத்தாதீங்க. ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு, குளுக்ககான் ஊசி இருந்தால் போட்டு, 108க்குக் கூப்பிடுங்க. ஹாஸ்டலில் இருக்கிற பிள்ளைன்னா இது ரூம்மேட்டுக்கும் வார்டனுக்கும் தெரிஞ்சிருக்கணும்.

அலாரம் தூங்க விடலைன்னா

தொடர்ந்து சர்க்கரையைக் காட்டுற சென்சார் பலரோட ராத்திரியை மாத்தியிருக்கு. விலை எல்லாருக்கும் எட்டாது. எட்டினவங்களிலும் சிலர், இப்போ சென்சாரே தூங்க விடலைன்னு சொல்றாங்க.

மூணு விஷயம் பாருங்க. ஒண்ணு, சென்சார் இருக்கிற கை மேல ஒருக்களிச்சுப் படுத்தால் அந்த இடத்தில் அழுத்தம் கூடி, இல்லாத லோவைக் காட்டும். கோடு திடீர்னு செங்குத்தா இறங்கும், புரண்டு படுத்ததும் மேலே வந்துடும். தினமும் இப்படின்னா இடத்தை மாத்துங்க. சந்தேகம் இருந்தால் விரலில் குத்திப் பாருங்க. ரெண்டு, சென்சார் பார்க்கிறது ரத்தத்தை இல்லை, தோலுக்கு அடியில் இருக்கிற திரவத்தை. சில நிமிஷம் பின்தங்கும். சர்க்கரைத் தண்ணி குடிச்சு பத்து நிமிஷம் ஆகியும் இறங்குறதாவே காட்டினால், பயந்து மறுபடி மறுபடி சாப்பிடாதீங்க. மூணு, ஹை அலாரத்தைப் பகலில் 180ல் வெச்சிருந்தால் ராத்திரியும் அதே எண் வேணுமான்னு டாக்டர் கிட்ட கேட்டுக் கொஞ்சம் ஏத்தி வைக்கலாம். லோ அலாரத்தை மட்டும் அணைக்காதீங்க. வெத்து அலாரம் குறைஞ்சால்தான் நிஜ அலாரத்துக்கு எழுந்திருப்போம்.

காவல் காக்கிறவங்க

பிள்ளைக்கு டைப் 1ன்னா பெரும்பாலும் அம்மாதான் எழுந்திருக்காங்க. வருஷக்கணக்கா. பகல்ல வேலை, ராத்திரியும் வேலை. அவங்க அசதியை வீட்டில் யாரும் நோயோட பகுதியா எண்ணறதில்லை.

முறை போடுங்க. இன்னைக்கு அம்மா, நாளைக்கு அப்பா. முறை இல்லாதவங்க வேற அறையில், போனை அணைச்சிட்டுத் தூங்கணும். பாட்டி தாத்தா, சித்தி யாராவது கத்துக்கிட்டால் வாரத்துக்கு ஒரு ராத்திரி ரெண்டு பேருக்குமே ஓய்வு. தினமும் மூணு மணிக்கு எழுந்திருக்கிறது தேவையா, காய்ச்சல், விளையாட்டு, ஊசி மாத்தின நாட்களில் மட்டும் போதுமான்னு டாக்டர் கிட்ட வெளிப்படையாக் கேளுங்க. பல வீடுகளில் நோய் தெரிஞ்ச முதல் மாசம் சொன்ன அறிவுரையையே அஞ்சு வருஷமாப் பின்பற்றிக்கிட்டு இருப்பாங்க.

தூக்கமும் சர்க்கரையை மாத்தும்

இது ஒருவழிப் பாதை இல்லை. நெதர்லாந்தில் 2010ல் வெளியான ஒரு சின்ன ஆய்வில், டைப் 1 இருக்கிற ஏழு பேரை ஒரே ஒரு ராத்திரி நாலு மணி நேரம் மட்டும் தூங்க விட்டாங்க. மறுநாள் அவங்க உடம்பில் இன்சுலின் வேலை செய்யுற திறன் குறைஞ்சிருந்தது. அதே சாப்பாடு, அதே ஊசி, ஆனால் சர்க்கரை வேறன்னு நீங்க குழம்பின நாட்களில் முந்தின ராத்திரியையும் நினைச்சுப் பாருங்க.

சர்க்கரை ராத்திரி முழுக்க நல்லா இருந்தும் தூக்கம் இல்லைன்னா வேற காரணம் தேடணும். பாதம் எரியுறது, ஊசி குத்துற மாதிரி இருக்கிறது நரம்புப் பாதிப்பா இருக்கலாம். பலமான குறட்டை, மூச்சு நின்னு திணறி எழறது தூக்கத்தில் மூச்சுத் தடையா இருக்கலாம். டைப் 1ல ஒல்லியா இருக்கிறவங்களுக்கும் வரும். மனச்சோர்வும் பதற்றமும் தூக்கத்தைத்தான் முதல்ல தொடும். எல்லாத்துக்கும் சிகிச்சை இருக்கு. தூக்க மாத்திரையை மட்டும் கடையில் கேட்டு வாங்கிப் போடாதீங்க. லோ அலாரம் அடிச்சும் எழ முடியாமல் போகலாம்.

அமெரிக்க நீரிழிவுச் சங்கம் வருஷா வருஷம் வெளியிடுற சிகிச்சை நெறிமுறைகளிலேயே தூக்கத்தைப் பத்திக் கேட்கணும்னு இப்போ சேர்த்திருக்காங்க. டாக்டர் கேட்கலைன்னா நீங்க சொல்லுங்க. அடுத்த தடவை போகும்போது ஒரு தாளில் நாலு விஷயம் எழுதிக்கிட்டுப் போங்க: வாரத்தில் எத்தனை ராத்திரி கலையுது, எத்தனை மணிக்கு, அப்போ சர்க்கரை எவ்வளவு, அன்னைக்கு சாயங்காலம் என்ன சாப்பிட்டீங்க, என்ன ஆடினீங்க. 'தூக்கம் வரலை டாக்டர்'னு சொன்னால் பதில் கிடைக்காமல் போகலாம். 'செவ்வாயும் வெள்ளியும் ரெண்டு மணிக்கு 58'ன்னு சொன்னால் ஊசி மாறும்.

இந்த எபிசோடை, உங்க வீட்டில் ராத்திரி எழுந்திருக்கிறவங்களுக்கு அனுப்புங்க. கேள்வி இருந்தால் எழுதுங்க. நல்லாத் தூங்குங்க.